கொல்லைப்புறம் கேள்வி பதில்: மாசி வெயிலும் கல்கரி பனியும்

தைப்பூசம் முடிந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். செடி வாடுகிறது, இலை சுருள்கிறது, பூ உதிர்கிறது. வாடத்தான் செய்யும். பனி கொட்டும் ஊர்களுக்குத்தான் செடி தூங்கும் காலம் உண்டு, மலேசியாவில் நமக்குப் பன்னிரண்டு மாதமும் விளைச்சல்தான் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கூலிம் போகும் பக்கம் ரப்பர் மரங்கள் மிச்சமிருக்கும் இடத்தைப் பாருங்கள். மொட்டையாக நிற்கும், கீழே செம்பழுப்பாக இலை மெத்தை. வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுவே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வந்து சேரும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி இரண்டும் வறண்ட மாதங்கள். நாற்றுப்பண்ணையில் பாலிபேக்கில், அதாவது கன்று வளர்க்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில், மண் நிரப்பும் வேலையில் தொடங்கியவள் நான். இலை கொட்டும் காலத்தில் மரத்தைச் சீண்டக் கூடாது என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். புது இலை விரிந்து முற்றும் வரை பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டையே பல தோட்டங்களில் நிறுத்திவிடுவார்கள். கொல்லையில் இருக்கும் மிளகாய்க்கும் மல்லிகைக்கும் மட்டும் அந்த ஓய்வைத் தர நமக்கு மனம் வருவதில்லை. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அக்கா, என் வீட்டு முன்னால் பாலிபேக்கில் 12 மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன். பொங்கல் வரை நன்றாகக் காய்த்தன. இப்போது நுனி இலையெல்லாம் சுருண்டுவிட்டது, பூ வந்த வேகத்தில் உதிர்கிறது. சத்துக் குறைவு என்று நினைத்து நீல உரத்தை இரண்டு மடங்காகப் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. பிடுங்கிவிடலாமா?
வாசகி, ஜெலுத்தோங்

பிடுங்க வேண்டாம். முதலில் உரத்தை நிறுத்துங்கள். தண்ணீருக்குத் தவிக்கும் செடிக்கு உப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? நீங்கள் போட்ட நீல உரம் ஒருவகை உப்புதான். வறண்ட மண்ணில் அது கரைந்து வேர்ப்பக்கம் சேரும்போது, வேர் தண்ணீரை இழுப்பதே சிரமமாகிவிடும். பாலிபேக்கின் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உரம் மிஞ்சியதற்கு அடையாளம். ஒரு நாள் காலையில் ஒவ்வொரு பைக்கும் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி ஓடும் வரை ஊற்றுங்கள். அரை மணி விட்டு மறுபடி ஒருமுறை ஊற்றுங்கள். அது போதும், உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் புதுத் துளிர் வரும் வரை எந்த உரமும் வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்ற ஆசையாக இருந்தால் ஊற்றுங்கள், கெடுதல் இல்லை.

இனி அந்தச் சுருளைப் பார்ப்போம். இலை சுருண்டுவிட்டது என்று எழுதும் யாரும் எந்தப் பக்கம் சுருண்டது என்று எழுதுவதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு நுனி இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். இரண்டு ஓரமும் மேல்நோக்கி எழும்பி ஓடம்போல் இருந்தால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்துப் போட்ட ஓடம்போல் இருந்து, இலைக்காம்பும் வழக்கத்துக்கு மேல் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இரண்டும் இல்லாமல், இலைகள் சிறுத்து, மஞ்சளோடி, நுனியில் கொத்துக் கொத்தாகக் குறுகி நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி நோய். அந்தச் செடிக்கு மருந்து கிடையாது. அதை மட்டும் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஜெலுத்தோங்கில் இந்த மாதத்தில் இலைப்பேனாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை நம்பி மருந்தடிக்க வேண்டாம், சோதித்துவிடுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பூவுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, பூவை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மகரந்தத் தூள் விழுந்து அப்படியே கிடக்கும். அந்தத் தூளுக்கு நடுவே வைக்கோல் நிறத்தில், ஊசி நுனி கனத்தில் ஏதாவது நகர்ந்தால் அதுதான் இலைப்பேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், நானும் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறேன்.

மழைக் காலத்தில் இந்தப் பூச்சியை மழையே அடித்துக் கழுவிவிடும். இப்போது அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். காலையில் தண்ணீர்க் குழாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கத்தில் படும்படி விசையாக அடியுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. நன்றாகக் குலுக்கி, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். பகலில் எண்ணெய் அடித்தால் இலை பொரிந்துவிடும். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்யுங்கள். சுருண்ட இலை மறுபடி நிமிராது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அடுத்து வரும் துளிர் நேராக வந்தால் ஜெயித்தீர்கள்.

பூ உதிர்வது வேறு கதை. பகல் வெயில் 34, 35 பாகை செல்சியஸைத் தொட்டு இரவும் புழுக்கமாக இருந்தால் மிளகாய் தானாகவே பூவை உதிர்க்கும். காய் பிடித்தால் தண்ணீர் போதாது என்று அதற்குத் தெரியும். இதற்கு மருந்து விற்பவரிடம் போகாதீர்கள். நிழல்தான் மருந்து. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் 50 விழுக்காடு நிழல் தரும் கறுப்பு வலை கட்டினால் போதும். கறுப்புப் பாலிபேக்கின் வெயில் படும் பக்கத்தில் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள், சட்டென்று எடுத்துவிடுவீர்கள். வேர் அந்தச் சூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நெருக்கி வைத்து, வெளிப்பக்கத்தில் அரிசிச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். மண்மேல் மூடாக்குப் போடுங்கள். சந்தையில் இளநீர் வெட்டுகிறவரிடம் கேட்டால் மட்டையை அள்ளிக்கொண்டு போகச் சொல்வார். கரும்புச் சக்கை வேண்டாம், எறும்பு மொய்க்கும். எறும்பு வந்தால் அதற்குப் பின்னாலேயே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும்.

வேலை இடத்தில் சீனப் புத்தாண்டுக்கு வைத்திருந்த எலுமிச்சைச் செடியைத் தூக்கிப் போடப் போனார்கள். பாவமாக இருந்தது, வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். நிறையப் பழம் இருக்கிறது. ஊறுகாய் போடலாமா? செடி பிழைக்குமா?
வாசகர், பாயான் பாரு

ஊறுகாய் வேண்டாம் தம்பி. அழகுக்காக வளர்த்த செடி அது. பழம் உதிராமல், பூச்சி தொடாமல், பெருநாள் வரை பளபளவென்று நிற்க என்னென்ன அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பழத்தை எல்லாம் பறித்துவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் பறியுங்கள். அத்தனை பழத்தையும் சுமந்துகொண்டு அது வேர் விட முடியாது.

சிவப்பு ரிப்பனோடு கிளைகளை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகளையும் தேடிப் பார்த்து வெட்டுங்கள். சில கம்பி பட்டைக்குள்ளேயே புதைந்திருக்கும். பிறகு தொட்டியிலிருந்து செடியைச் சாய்த்து உருவி, வேரைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சில செடிகளில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகிப்போயிருக்கும். நாம் மேலே ஊற்றும் தண்ணீர் அதன் ஓரமாக வழிந்து ஓடிவிடும், உள்ளே நனையவே நனையாது. வாளித் தண்ணீரில் உருண்டையை ஒரு மணி நேரம் ஊற வைத்து, ஓரத்து மண்ணை மட்டும் விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு, நல்ல மண்ணும் ஆட்டு எருவும் கலந்த பெரிய தொட்டியில் வையுங்கள். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில். கஸ்தூரி எலுமிச்சையாக இருந்தால் நம் சூட்டுக்குப் பழகியது, அடுத்த பெருநாளுக்கு உங்கள் வாசலிலேயே காய்க்கும். பழம் நீள்வட்டமாக இருக்கும் கம்குவாட் குளிர் ஊர்ச் செடி. சமவெளியில் பிழைத்துக் கிடக்கும், கேமரன் மலையில் காய்ப்பதுபோல் இங்கே காய்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அக்கா, என் மகள் கனடாவில் கல்கரி நகரத்தில் இருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் பிரசவம். நான் மார்ச் நடுவில் போகிறேன், ஆறு மாதம் இருப்பேன். அவள் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலை டிசம்பரில் இலை முழுக்கக் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறதாம். செத்துவிட்டதா? நம் வீட்டுக் கன்று ஒன்றைப் பெட்டியில் கொண்டு போகலாமா? போன இடத்தில் சும்மா இருக்க முடியாது, மிளகாய், தக்காளி, கீரை எப்போது போடலாம் என்றும் சொல்லுங்கள்.
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பேரப்பிள்ளை வரப்போகிறது, முதலில் வாழ்த்துகள். பத்தியக் குழம்புக்குக் கறிவேப்பிலை இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது.

மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அந்தக் குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும், நுனியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி பழுப்பாக இருந்து அடியில் பச்சை தெரிந்தாலும் பயமில்லை, காய்ந்ததை மட்டும் வெட்டிவிடலாம். கல்கரியில் டிசம்பரில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம் கூடக் கிடையாது. இங்கே வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம் குடித்து வளரும் மரம் அது. வெளிச்சம் இல்லாதபோது இலையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கொட்டிவிட்டுத் தூங்குகிறது. நம் ரப்பர் வறட்சிக்குச் செய்வதை அது இருட்டுக்குச் செய்கிறது.

தூங்கும் செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான். இலை இல்லை என்றதும் பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். குடிக்க இலை இல்லை, மண் சேறாகும், வேர் அழுகும். கூடவே மண்ணிலிருந்து சின்னச் சின்னக் கறுப்புக் கொசுபோல் பறக்க ஆரம்பிக்கும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றினால் போதும். உரம் வேண்டவே வேண்டாம். தொட்டி ஜன்னல் கண்ணாடியை ஒட்டி இருந்தால் ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இரவில் கண்ணாடி ஓரம் சில்லிட்டுப் போகும். வீட்டைச் சூடாக்கும் காற்று வரும் துவாரத்துக்கு நேராகவும் வைக்கக் கூடாது. அந்தக் காற்று எலும்பு வரை காய்ந்தது. அதில்தான் சிலந்திப்பேன் பெருகும். மார்ச்சில் பகல் நீளும், நீங்கள் போய் இறங்கும் சமயம் கணுக்களில் மிளகு அளவுக்குத் துளிர் முட்டிக்கொண்டு நிற்கலாம். முட்டினால் அன்றிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாலைந்து இலை விரிந்த பிறகு உரம்.

கன்றைப் பெட்டியில் கொண்டு போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மண்ணோடு செடியைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். அதிலும் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அதில் ஒட்டிக்கொண்டு போகும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தீர்த்துக்கட்டும் நோயைப் பரப்பும் என்று பல நாடுகள் பயப்படுகின்றன. விதை கொண்டு போகலாம் என்றால், கறிவேப்பிலை விதை காய்ந்தால் முளைக்காது. பழமாகப் பறித்த கையோடு தோலை நீக்கி ஊன்ற வேண்டிய விதை அது. மற்ற விதைகளை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஊருக்கு ஏற்ற குறுகிய கால ரகங்கள் கடையில் கிடைக்கும். அப்படியும் ஒரு பொட்டலம் எடுத்துப் போனால், சுங்கப் படிவத்தில் கட்டாயம் எழுதிவிடுங்கள். விமான நிலையத்தில் மறைக்கிற பொருள் இல்லை அது.

இனி விதைப்பு. அந்த ஊரில் எல்லாக் கணக்கும் ஒரே நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவது. கடைசி உறைபனி விழும் நாள். கல்கரியில் அது மே மாதக் கடைசியை ஒட்டி வரும். விக்டோரியா நாள் என்று மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அவர்களுக்கு விடுமுறை. அதற்குப் பிறகுதான் மிளகாய், தக்காளியை வெளியே நடத் துணிவார்கள், அப்போதும் இரவு மூடுவதற்குப் பழைய போர்வையைத் தயாராக வைத்திருப்பார்கள். செப்டம்பரில் மறுபடி பனி வந்துவிடும். நடுவில் கிடைப்பது நாலு மாதம் கூட இல்லை. அதனால்தான் வீட்டுக்குள்ளேயே நாற்று விடுகிறார்கள். மிளகாய் விதையை எட்டிலிருந்து பத்து வாரம் முன்னாலும், தக்காளி விதையை ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னாலும் போட வேண்டும். அதாவது நீங்கள் இறங்கிய வாரத்தில் மிளகாய், ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள் தக்காளி.

மிளகாய் விதைக்கு மண் 25 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இங்கே அதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை, அங்கே நினைக்க வேண்டும். முளைவிடும் வரை நாற்றுத் தட்டைக் குளிர்பெட்டியின் மேல் வையுங்கள், அங்கே கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தால். இல்லாவிட்டால் தட்டுக்கு அடியில் போடும் சூட்டு விரிப்பு கடைகளில் விற்கிறது. முளை தலை தூக்கிய அன்றே அதற்கு வேண்டியது வெளிச்சம். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நாற்று வெளுத்து, நெட்டையாக வளர்ந்து, கழுத்தொடிந்து சாயும். வெள்ளை நிற எல்இடி விளக்கை நாற்றின் தலைக்கு நாலு விரல்கடை மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14லிருந்து 16 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தின் நடுவிலேயே கல்கரியில் திடீரென்று மேற்கிலிருந்து ராக்கி மலையைத் தாண்டிச் சூடான வறண்ட காற்று இறங்கும். சினூக் என்பார்கள். சில மணி நேரத்தில் வெப்பம் இருபது பாகை ஏறிவிடும், கூரையிலிருந்து பனி உருகி ஓடும். வசந்தம் வந்துவிட்டது என்று நாற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். இரண்டு நாளில் மறுபடி உறையும். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த குளிரே 7.8 பாகைதான், 1978 பிப்ரவரி முதல் தேதி கேமரன் மலையில். அந்தக் குளிர் கல்கரிக்காரர்களுக்குச் சட்டைக்கை மடித்துவிட்டு வெளியே உட்காரும் நாள். கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும், இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்காது என்று உறுதியான பிறகே வெளியே கொண்டு போங்கள். நாற்றுகளையும் ஒரே நாளில் வெயிலில் வைக்காமல், முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அடுத்த நாள் இரண்டு மணி என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள்.

கீரையில் உங்கள் கை ஓங்கும். இங்கே கொத்தமல்லியோடு நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும், நாலு இலை வருவதற்குள் பூத்துவிடும். அதற்குக் குளிர்தான் பிடிக்கும். கொத்தமல்லி, வெந்தயக் கீரை, முள்ளங்கி, பட்டாணி இவற்றை மண் உருகிக் கையில் உதிரும் பதத்துக்கு வந்ததும் நேராகவே விதைக்கலாம், ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். லேசான பனிக்கு இவை அசையாது. ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருப்பதால் நம்ப முடியாத வேகத்தில் வளரும். வெண்டை, புடலை, பாகல் எல்லாம் வேண்டாம், அந்த இரவுக் குளிருக்கு அவை முனகிக்கொண்டே நிற்கும். கோடையில் ஆலங்கட்டி மழை வேறு உண்டு அந்த ஊரில். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைக் காக்க ஓட முடியாது, தொட்டிகளாகவே வையுங்கள், இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

பதினாறாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. என்ன வைத்தாலும் கருகுகிறது. இத்தனைக்கும் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன்.
வாசகர், செராஸ்

ஏர்கண்டிஷன் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று எழுதவில்லையே. பெரும்பாலான கொண்டோக்களில் அது பால்கனி ஓரத்தில்தான் இருக்கும். இரவு முழுக்க அதிலிருந்து வரும் சூடான காற்றில் செடி நின்றால், பகல் வெயிலைவிட அதுதான் கருக்கும். தொட்டிகளை அந்தக் காற்றின் பாதையிலிருந்து மாற்றுங்கள். மேற்குச் சுவர் மாலையில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

இரண்டு வேளை ஊற்றுகிறேன் என்கிறீர்கள். உங்கள் தொட்டி தென்னை நார்த்தூளாக இருந்தால், அது ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளிவிடும். ஊற்றிய உடனே அடியில் ஒழுகுகிறதா? அப்படியானால் உள்ளே காய்ந்துதான் கிடக்கிறது. தொட்டியை வாளியில் அரை மணி அமிழ்த்தி வையுங்கள், குமிழி வருவது நின்றதும் எடுங்கள். கற்பூரவள்ளி, செராய் (எலுமிச்சைப் புல்), கற்றாழை, பண்டான் (வாசனை இலைச் செடி) இவற்றோடு தொடங்குங்கள். பண்டானை மட்டும் மற்றவற்றின் நிழலில் வையுங்கள். கோலாலம்பூரில் மார்ச், ஏப்ரலில் சாயங்கால இடிமழை பிடித்துக்கொள்ளும், காற்றும் வேகமாக அடிக்கும். சிறிய தொட்டி எதையும் கைப்பிடிச் சுவர் மேல் வைக்காதீர்கள். கீழே ஆள் நடக்கிறார்கள்.

வெயில் காலத்தில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயந்து டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் டெங்கி வரும் என்று சண்டை பிடிக்கிறார். யார் சொல்வது சரி?
வாசகி, பாயா தெருபோங்

இரண்டு பேர் சொல்வதும் சரி. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய வால்வு மாற்றியபோது பல நாள் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோமே, அதை அனுபவித்த யாரும் டிரம்மைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏழிலிருந்து பத்து நாள்தான் எடுத்துக்கொள்கிறது. தெளிந்த தண்ணீரைத்தான் அது தேடும். டிரம்மை மூடுங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மெல்லிய வலையைப் போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். வாரம் ஒருமுறை முழுவதும் காலி செய்து, உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவி மறுபடி பிடியுங்கள். தேய்ப்பது முக்கியம், முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது அதில் மணல் நிரப்புங்கள். சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் அபராதம் போட 1975லேயே சட்டம் வந்துவிட்டது. கீரை அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் இரண்டையும் செடிக்குத் திருப்பினால் டிரம்மே பாதி தேவைப்படாது.

எங்கள் மாமரம் இந்த வருடம் கொள்ளைப் பூ. தண்ணீர் ஊற்றட்டுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பூ வந்திருப்பதே தண்ணீர் இல்லாததால்தான். வறட்சி பிடித்தால்தான் மா பூக்கும். பெர்லிஸில் ஹாருமானிஸ் ரக மாம்பழம் நன்றாக வருவதற்கும் அந்த வறண்ட மாதங்கள்தான் காரணம். டிசம்பரிலேயே குழாயைத் திறந்துவிட்டிருந்தால் பூவுக்குப் பதில் தளிராகத் தள்ளியிருக்கும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரட்டும், அதுவரை பொறுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, மரத்தடியில் அல்ல, கிளைகளின் நுனி நிழல் விழும் வட்டத்தில் ஆழமாக ஊற்றுங்கள். இடையில் ஒரு மழை வந்து பூங்கொத்து கறுத்தால் அது பூஞ்சைநோய். கறுத்த கொத்தை வெட்டி அப்புறப்படுத்துங்கள், மரத்தின் உள்பக்கம் நெருக்கமாக இருக்கும் குச்சிகளை அறுவடைக்குப் பிறகு கழித்தால் அடுத்த வருடம் காற்றோட்டம் கிடைக்கும். பிஞ்சில் முக்கால்வாசி உதிரும், அதற்காகக் கடிதம் எழுத வேண்டாம். எல்லாம் நின்றால் கிளை ஒடிந்துவிடும்.

குரங்கு தொல்லை தாங்கவில்லை. வாழை, பப்பாளி, கொய்யா எதுவும் மிஞ்சுவதில்லை.
வாசகி, ஆயர் ஈத்தாம்

மலையடிவாரத்தில் வீடு, வறண்ட மாதம், காட்டில் பழம் குறைவு. அவை உங்கள் வீட்டுக்கு வராமல் எங்கே போகும்? பழத்தை மறந்துவிட்டு மஞ்சள், இஞ்சி, லெங்குவாஸ் (பேரரத்தை), செராய், கறிவேப்பிலை வையுங்கள். இவற்றை அவை பெரும்பாலும் சீண்டுவதில்லை. குப்பைத் தொட்டியின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். பாவம் என்று யாராவது ரொட்டி போடுகிறார்களா என்று தெருவில் விசாரியுங்கள்.

மல்லிகையைக் கவாத்துச் செய்ய மாசிதான் சரியான மாதம் என்று ஊரிலிருந்து வந்த சித்தி சொல்கிறார். இப்போது வெட்டலாமா அக்கா?
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

சித்தி சொல்வது அவர் ஊருக்கு. இங்கே இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மார்ச் கடைசியில் சாயங்கால மழை இரண்டு மூன்று நல்லபடியாக விழுந்து, மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனையட்டும். அப்புறம் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டுங்கள், மிச்சம் இருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள், அடியில் இரண்டு கை மாட்டு எரு. இப்போதே வெட்டினால் புதுத் துளிர் வந்து வெயிலில் கருகும், செடிக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச தெம்பும் போய்விடும். அதுவரைக்கும் காய்ந்த குச்சி, ஏற்கெனவே பூத்து முடிந்த நுனி இவற்றை மட்டும் கிள்ளுங்கள். வெட்டும் நாளில் பென்சில் கனத்தில் உள்ள முற்றிய குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றி வையுங்கள். பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள்.